நான் காலமாகவில்லை என்பது குறித்து மாப்பிள்ளைக்கு எழுதியது

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை லுவ்சான் அவர்களுக்கு, ஷார்தால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவரும் தங்கள் மாமனாருமாகிய கொம்போஜாவ் எழுதிக்கொண்டது. தலைநகரத்தில் தங்கள் வீட்டில் குளிர்காலம் அமைதியாகக் கழிகிறதா? அடுப்பில் நெருப்பும் கிண்ணத்தில் தேநீரும் குறையாமல் இருக்கின்றனவா? மகள் சோல்மோன் வயிற்றுப் பிள்ளையோடு சுகமாக நடமாடுகிறாளா? தங்கள் தகப்பனாரின் மந்தை கொழுத்திருக்கிறதா? இங்கே நாங்கள் எல்லோரும் குளிர்காலத்தை அமைதியாகக் கழிக்கிறோம். ஆடுமாடு கொழுத்திருக்கிறது. குறையென்று சொல்ல ஒன்றும் இல்லை.

மேலே எழுதியதில் ஒரு வார்த்தைகூட உண்மை இல்லை, மாப்பிள்ளை. ஆனால் ஒரு கடிதத்தை வேறு எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியாது, இந்த வயதுக்கு மேல் கற்றுக்கொள்ளவும் வராது. ஆடுமாடு எங்களிடம் இல்லை. இருந்ததையெல்லாம் விடுதிப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டாகிவிட்டது. கொதிகலனுக்கு நிலக்கரி இல்லை. வகுப்பறைக் குழாய் தண்ணீர் உறைந்து வெடித்துக் கிடக்கிறது. பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கியும் தொப்பியுமாக ஒரே கூடத்தில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு கற்பித்தல் முறைகளைப் படிக்கிறார்கள். குளிர்காலத்தை ஒன்பது ஒன்பது நாளாக எண்ணுகிறோமே, அதில் எருதுக் கொம்பே உறைகிற மூன்றாம் ஒன்பது தொடங்கப்போகிறது. அதற்குள் கரி வராவிட்டால் இவர்களை வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும், நடுக் குளிர்காலத்தில் ஒருதரம் கதவைச் சாத்திய கல்லூரியை மறுபடி திறந்ததாக நம் பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. இது இப்படியிருக்க, நான் காலமாகிவிட்டேன் என்று நான்கு மாகாணங்களிலும் நம்புகிறார்கள். தாங்களும் நம்பி தங்கள் அத்தைக்குத் தந்தி அடித்திருக்கிறீர்கள். அந்தச் செய்தி தவறானது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

தந்தியைத் தங்கள் அத்தை துல்மாதான் வாங்கினாள். படித்தாள், திருப்பிப் பார்த்தாள், என்னிடம் நீட்டினாள். "இந்தாங்க, உங்களப் பத்தித்தான் வந்திருக்கு. படிச்சுட்டு அழுங்க" என்றாள். படித்தேன். மலைபோல் நின்றவர், பொறுமையில் அவருக்கு ஈடில்லை, அவரிடம் கற்றது ஏராளம் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடத் தாங்கள் என்னிடம் இப்படிப் பேசியதில்லை என்பதை வருத்தத்தோடு சொல்லிக்கொள்கிறேன். போன புத்தாண்டுக்கு வந்தபோது நான் பேசப் பேசத் தாங்கள் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். துல்மாவோ, "பொறுமையாம்ல? வேற யாருக்கோ அடிச்சது மாறி வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சோல்மோனுக்கு இன்னும் சொல்லவில்லை என்று கடைசி வரியில் போட்டிருந்தது ஒன்றுதான் உருப்படியான காரியம். அந்த வரிக்காகத் தங்களை மனதார வாழ்த்தினேன்.

இதெல்லாம் எப்படி ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். இலையுதிர் காலத்தில் தாங்களே ஜீப்பில் வந்து எங்கள் கூரைமேல் அந்தப் பெரிய தட்டை மாட்டினீர்கள். மேற்கு மாகாணங்களின் நான்கு பயிற்சிக் கல்லூரிகளையும் இன்டர்நெட்டில் இணைக்கிறோம், இனி ஒரு கல்லூரியின் நல்ல ஆசிரியர் நான்கு கல்லூரிக்கும் பாடம் நடத்தலாம், ஒரு கல்லூரிக்கு ஒரு கஷ்டமென்றால் மற்ற மூன்றுக்கும் தலைநகரத்துக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிடும் என்று பேசினீர்கள். நான் கைதட்டினேன். துல்மா ஆட்டுக்கறி வைத்துக் கொழுக்கட்டை அவித்துப் போட்டாள், தாங்களும் நிறையவே சாப்பிட்டீர்கள். பிறகு முதல் பனியெல்லாம் விழுந்து, கரி தீர ஆரம்பித்து, முதல் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். எங்கள் கம்ப்யூட்டர் ஆசிரியை ஓயூனா பெட்டியைத் தட்டி உயிர்ப்பித்தாள். திரையில் நான்கு கட்டம். ஒன்றில் நான். ஒன்றில் வடக்குக் கல்லூரி ஜம்ஸ்ரான் அண்ணன். ஒன்றில் ஏரிக்கரைக் கல்லூரித் தலைவி செவெல்மா. இன்னொன்றில் கோபிப் பாலைவனப் பக்கத்துக்காரர், அவர் படம் வாயைத் திறந்த நிலையிலேயே நின்றுவிட்டது, ஏதோ சொல்ல வருகிறார் என்று நாங்கள் மரியாதையாக வெகு நேரம் காத்திருந்தோம். தலைநகரத்திலிருந்து தங்கள் மேலதிகாரி ஹுலான், அந்த வெளிநாட்டில் படித்த பெண், குரலில் மட்டும் வந்து, "ஒவ்வொரு கல்லூரியும் என்ன வேணும்னு சொல்லுங்க. லைன் ரொம்ப நேரம் நிக்காது" என்றாள்.

யாரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பது? இளையவர் மூத்தவருக்கு முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். ஜம்ஸ்ரான் அண்ணன் எல்லோருக்கும் மூத்தவர், அதில் தகராறு இல்லை. எனக்கும் செவெல்மாவுக்கும்தான் சிக்கல், இரண்டு பேரும் குதிரை வருஷத்தில் பிறந்தவர்கள். "நீங்க குதிரை வருஷத்துல எப்போ?" என்று அவர் கேட்டார். "வசந்தத்துல" என்றேன். குரல் ஆகாயத்துக்குப் போய்த் திரும்பி வரவேண்டியிருந்ததால் பதில் வரக் காத்திருந்தோம். "அப்ப நான்தான் சின்னவ. நான் பனி விழுந்தப்புறம்" என்றார். அது தீர்ந்து வணக்கம் முடிந்ததும் ஜம்ஸ்ரான் அண்ணன் தன் மூக்குப்பொடிக் குப்பியை வலது கையில் ஏந்திக் கேமராவுக்கு நீட்டினார். திரை முழுக்கக் குப்பியின் பச்சைக் கல். மாற்றி மோந்துகொள்வதுதானே முறை, நானும் என் குப்பியை நீட்டினேன். அவர் நான் வாங்கக் காத்திருக்கிறார், நான் அவர் வாங்கக் காத்திருக்கிறேன். பின்னாலிருந்து ஓயூனா, "ஐயா, அது அங்க போகாதுங்க" என்றாள். எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தாலும் கையை எப்படி முதலில் இழுத்துக்கொள்வது? கடைசியில் அண்ணன்தான், "வாங்கி மோந்துட்டேன்னு வச்சுக்க தம்பி" என்றார். "நானும் மோந்துட்டேன்னு வச்சுக்குங்க அண்ணே" என்றேன். ஹுலான், "தேவை, தேவை" என்று கத்திக்கொண்டிருந்தாள். எல்லோரையும்விடச் சின்னவள், அவள்தான் முதலில் வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மையாக விட்டுவிட்டோம்.

அப்புறம் அண்ணன் கேட்டார், "குளிர்காலம் அமைதியாப் போகுதா?" என்று. ஒரு பெரியவர் அப்படிக் கேட்டால் என்ன சொல்வது மாப்பிள்ளை? தாங்களே சொல்லுங்கள். "அமைதியாத்தான் போகுது அண்ணே." "ஆடுமாடு கொழுத்திருக்கா?" "கொழுத்திருக்கு அண்ணே. உங்களுக்கு?" "எனக்கென்ன, நல்லாப் போகுது." செவெல்மாவும் அதையே கேட்டார், அதையே சொன்னார். கெட்ட சேதியை இரண்டாவது கிண்ணம் தேநீர் குடித்த பிறகுதானே எடுக்க வேண்டும்? அதற்காகவே துல்மா பக்கத்தில் உப்புப் போட்ட பால்தேநீர் வைத்திருந்தாள். முதல் கிண்ணத்தைக் குடித்தேன். அவர்களும் அவரவர் கட்டத்துக்குள் குடித்தார்கள். இரண்டாவதைக் குடித்துக் கீழே வைத்து, தொண்டையைச் செருமி, "ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பித்தேன். திரை இருட்டாகிவிட்டது. லைன் போய்விட்டது.

அடுத்த வாரம் அறிக்கை வந்தது. நான்கு கல்லூரிகளும் குளிர்காலத்தை அமைதியாகக் கழிக்கின்றன, கால்நடைகள் நல்ல நிலையில் உள்ளன, நிலக்கரி கூடுதலாகத் தேவை என்று யாரும் தெரிவிக்கவில்லை, இணைப்புத் திட்டம் வெற்றி. கீழே தங்கள் கையெழுத்தும் இருந்தது. நான் குறை சொல்லவில்லை. மகள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக எத்தனையோ விஷயத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன், இதிலும் இருந்துவிடுகிறேன். ஆனால் தாங்கள் இந்தப் புல்வெளியில் பிறந்து வளர்ந்தவர். அமைதியாகக் கழிகிறது என்று ஒருவன் சொன்னால் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது என்று தங்களுக்குமா தெரியாது?

இரண்டாவது கூட்டத்துக்கு முன்னால் ஓயூனா என் அறைக்கு வந்தாள். அவள் நகரத்தில் வளர்ந்தவள், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. "ஐயா, நீங்க உக்காந்தீங்கன்னா மறுபடியும் குப்பிய நீட்டிட்டு நிப்பீங்க. இந்த தடவை நான் பேசறேன். வணக்கம், நலம் ஒண்ணும் கிடையாது. எடுத்ததும் கரி" என்றாள். "அது மரியாதை இல்லம்மா" என்றேன். "மரியாதையக் கொதிகலன்ல போட்டா எரியுமாங்க?" என்று கேட்டாள். சரியென்று விட்டேன். என் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து ஜம்ஸ்ரான் அண்ணனிடம் வணக்கம் இல்லாமல் பேசுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. நல்லவேளையாகக் காற்றில் தட்டின் கால் ஆடிப்போயிருந்தது, யாராவது கூரையில் நின்று பிடித்துக்கொண்டால்தான் லைன் நிற்கும். நானே ஏறினேன். ஏறும்போது குப்பி விழுந்து உடையக் கூடாதே என்று அதை மேசையில் ஒரு நீலப் பட்டுத்துணிமேல் வைத்துவிட்டுப் போனேன். காலமானவரின் குப்பியை வைப்பதுபோல் இருந்த அதைத்தான் கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஓயூனா சொல்லித்தான் நடந்தது தெரியும். திரை வந்ததும் அவள் வணக்கம் சொல்லாமல், "தலைவர் வரல. அவருக்குப் பதிலா இனிமே நான்தான் பேசுவேன். இங்க நிலைமை ரொம்ப மோசம்" என்று ஆரம்பித்திருக்கிறாள். ஒரு வீட்டார் வணக்கம் இல்லாமல் பேச்சை எடுத்தால் அது துக்கச் சேதி என்று நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. ஜம்ஸ்ரான் அண்ணன் தன் குப்பியை மெதுவாக மடிக்குள் வைத்துக்கொண்டாராம். செவெல்மா கண்ணை மூடி ஓம் மணி பத்மே ஹூம் என்று முணுமுணுத்தாராம். கோபிக்காரர் வழக்கம்போல வாயைத் திறந்தபடி நின்றிருக்கிறார். "சீக்கிரம் எதாவது செய்யணும். பிள்ளைங்க தாங்க மாட்டாங்க" என்று இவள் சொல்ல, அண்ணன், "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. எல்லாம் புரியுது. செய்ய வேண்டியத நாங்க செய்யறோம்" என்றிருக்கிறார். யாருக்கு, என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. காலமானவர் பெயரை வாயால் சொல்லக் கூடாதே. ஹுலான்கூட அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினாளாம். ஓயூனா முற்றத்துக்கு ஓடிவந்து, "ஐயா, எல்லாரும் உடனே ஒத்துக்கிட்டாங்க. அந்த அம்மா கண்ணே கலங்கிட்டாங்க" என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கினேன். தட்டு பெயர்ந்து மறுபக்கம் விழுந்து இரண்டாகப் பிளந்துவிட்டது.

ஆகவே அந்த வழியாக மறுப்புச் சொல்ல வழியில்லை. செல்போனுக்கு இங்கே சிக்னல் கிடையாது, டெலிபோன் கம்பி பனிப்புயலில் அறுந்து கிடக்கிறது. தபாலாபீசுக்குப் போனேன். கவுன்டரில் இருக்கும் பெண் என்னிடம் படித்தவள்தான். 'நான் சாகவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் தாளைத் தொடவே இல்லை. "ஐயா, அந்த வார்த்தையோட உங்க பேரையும் சேர்த்து என்னால அடிக்க முடியாது. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா பாவம் என் தலையில விழும்" என்றாள். "சரி, 'உயிரோடு இருக்கிறேன்'னு அடிம்மா." "அது அதவிட மோசம் ஐயா. உசுரோட இருக்கறவங்க யாராச்சும் அப்படித் தந்தி அடிப்பாங்களா?" அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு அவள் சம்மதித்தது ஒரே ஒரு வாசகத்துக்குத்தான். 'இங்கே எல்லோரும் குளிர்காலத்தை அமைதியாகக் கழிக்கிறோம்.' அனுப்புபவர் என்ற இடத்தில் வம்பு வேண்டாமென்று துல்மா பெயரைப் போட்டாள். அது தங்களுக்கு வந்திருக்கும். இந்தத் துக்கத்திலும் அத்தை எவ்வளவு தைரியமாக இருக்கிறார் என்று தாங்கள் நினைத்திருப்பீர்கள்.

நேற்று வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு ஜீப் வந்து நின்றது. ஜம்ஸ்ரான் அண்ணன் இறங்கினார். கையில் கட்டித் தேயிலை, அதன்மேல் நீலப் பட்டு. பின்னால் செவெல்மா, கண்ணெல்லாம் வீங்கிப்போய். கோபிக்காரர் வர முடியாமல் ஓர் ஆட்டை உரித்து அனுப்பியிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மண்வெட்டியோடு நின்றேன்.

"கொம்போ."

"அண்ணே."

"நீ இருக்கியா?"

"இருக்கேன் அண்ணே."

"அப்புறம் எதுக்கு அந்தப் பொண்ணு வணக்கம் சொல்லாம ஆரம்பிச்சா?"

நான் இருப்பதில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை, வணக்கம் சொல்லாததில் கோபம் மட்டும் நிறைய இருந்தது. செவெல்மாவுக்கு வேறு வருத்தம். "மலை தாண்டினதுலேருந்து அழுதுட்டு வரேன். அதுக்காவது ஒரு மதிப்பு வேண்டாமா?" என்றார். உள்ளே அழைத்துப் போனேன். பனிக்கட்டியை உருக்கித் துல்மா தேநீர் போட்டாள். மூவரும் அங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்து இரண்டாவது கிண்ணம் வரைக்கும் மந்தையைப் பற்றி விசாரித்துக்கொண்டோம். அதன் பிறகு அண்ணன் வெடித்த குழாயைப் பார்த்தார். கூடத்தில் ஒண்டிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தார்.

"அமைதியாப் போகுதுன்னு சொன்னியேடா."

"நீங்க கேட்டீங்க, சொன்னேன். உங்களுக்கு எப்படி அண்ணே?"

அவர் கிண்ணத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "எனக்கும் கரி இல்ல. பெஞ்ச எரிச்சுட்டிருக்கோம். பாதி வகுப்பு நின்னுக்கிட்டேதான் படிக்குது" என்றார். செவெல்மா தலையைத் தூக்காமல், "நான் பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிட்டேன். பொம்பளப் பிள்ளைங்க. திரும்பி வர மாட்டாங்க" என்றார். கோபிக்காரர் நிலைமை என்னவென்று யாருக்கும் தெரியாது; அவர் வாயைத் திறந்தபடி நின்றது எதைச் சொல்லவோ. எனக்கு வெட்கமாக இருந்தது, மாப்பிள்ளை. எவ்வளவு செலவு செய்து, ஆகாயத்தில் எதையோ பறக்கவிட்டு, எங்கள் முகத்தை எங்களுக்கே காட்டினீர்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பொய் சொல்லிக்கொண்டு இருந்தோம். துக்கம் கேட்க ஜீப்பில் வந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

ஆகையால் தங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். ஹுலானிடம் போய் நான் உயிரோடு இருப்பதை உடனே தெரிவித்து, என் பெயரைத் திரும்பவும் தலைவர் இடத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த அறிக்கையைத் திருத்தி, மூன்று கல்லூரியில் கரி இல்லை, நான்காவதை விசாரிக்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தைக் காட்டிச் சொல்லுங்கள். இனிமேல் கூட்டம் வைத்தால் வணக்கத்துக்கு ஒருநாள், தேவைக்கு ஒருநாள் என்று லைனைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் ஒன்பதுக்குள் கரி வரவில்லையென்றால் பிள்ளைகளை நான் அனுப்பியாக வேண்டும். அனுப்பிவிட்டு அந்தக் காலிக் கட்டடத்தில் நான் எதற்கு? என்னால் முடியாது, மாப்பிள்ளை. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

தங்கள் வாசலில் குதிரை கட்டும் கம்பம் ஒருநாளும் வெறுமையாக நிற்காதிருக்கட்டும். சோல்மோன் சுகமாகப் பெற்றுப் பிழைக்கட்டும், பிறக்கும் பிள்ளை கன்னம் சிவந்து, குரல் கனத்து, குளிரைக் கண்டு அஞ்சாத பிள்ளையாக வளரட்டும். தங்கள் தாய் தந்தையருக்கு எங்கள் இருவரின் வணக்கங்களையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார் கொம்போஜாவ் (இருக்கிறேன்)

பின்குறிப்பு: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை மடித்து வைத்தபோது வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "தலைவர் தவறிட்டாராமே, அந்தக் கல்லூரி இதானா?" என்று கேட்டான். "இதான்" என்றேன். "நீங்க யாரு?" என்றான். கொதிகலனுக்குக் கரி போடுகிறவன் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். தலைவரை இழந்து வாடும் கல்லூரிக்கு, துக்கம் கேட்க வருகிறவர்கள் குளிரில் கஷ்டப்படாதபடி, நாற்பத்தொன்பது நாள் காரியம் முடியும்வரை எரிக்க ஒரு லாரி நிலக்கரி என்று ஹுலான் கையெழுத்துப் போட்ட உத்தரவு. அதற்குள் வசந்தம் வந்துவிடும். வெடித்த குழாயைக் கட்டி, நானே கரி அள்ளிப் போட்டேன். விடுதிக் குழாயில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. பிள்ளைகள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். ஓயூனா தலைவராக இருக்கட்டும், நன்றாகவே அதட்டுகிறாள். சோல்மோனிடம் மட்டும், யாராவது உளறி அவள் பயந்துவிடாமல், அப்பா நலம் என்று காதோடு சொல்லிவிடுங்கள்.

இரவு இங்கேயே தங்கிய ஜம்ஸ்ரான் அண்ணன் அந்த உத்தரவை இரண்டு தரம் படித்துவிட்டு, அடுத்த மாதம் தான் தவறிப்போவதாகவும், அதற்கடுத்து செவெல்மா போகலாம் என்றும் முடிவு செய்திருக்கிறார். "வயசுப்படி பார்த்தா நீங்கதானே அண்ணே முதல்ல போயிருக்கணும், கொம்போ முந்திக்கிட்டாரே" என்றார் செவெல்மா. சிரித்தோம். சிரித்ததில் அண்ணனுக்கு இருமல் வந்தது. வெகு நேரம் நிற்கவில்லை, துணியை வாயில் வைத்து எடுத்து எங்களுக்குக் காட்டாமல் மடித்துக்கொண்டார். ஜீப் ஏறும்போது, "அண்ணே, நிஜமாவே உங்களுக்கு எதாவது ஆச்சுன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே? எம் பிள்ளைங்களுக்குக் கரி வந்துச்சான்னு மட்டும் பாரு" என்றார். ஆகவே மாப்பிள்ளை, அவரைப் பற்றிய செய்தி அங்கே வந்தால் மெய்யா பொய்யா என்று யாரும் விசாரிக்க வேண்டாம். லாரியை அனுப்பிவிடுங்கள்.